எங்கள் பெஞ்சு தோற்ற நாள்

அறுபதுகளின் தொடக்கம். திருமயம் பக்கத்தில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊருக்கு அப்போதுதான் கரண்டு வந்திருந்தது. அதன் பின்னாலேயே ரைஸ் மில்லும் வந்தது.

என் ஆத்தா வீடு வீடாகப் போய் நெல் குத்தித்தான் என்னை வளர்த்தாள். கூலியாகக் கிடைக்கும் அரிசியும் நொய்யும்தான் எங்கள் சாப்பாடு. மில் வந்ததும் உலக்கை மூலைக்குப் போய்விட்டது. "இந்தப் பரீச்சையோட நின்னுக்க தாயி. எங்கூடக் களை பறிக்க வா" என்று ஆத்தா சொல்லிவிட்டாள். எனக்கோ படிப்பென்றால் உயிர்.

அந்த நேரம் பார்த்துத்தானா இங்கிலீஷ் டீச்சர் வகுப்பு விவாதத்துக்கு அந்தத் தலைப்பைக் கொடுக்க வேண்டும்? யந்திரங்களால் மக்களுக்கு நன்மையா, தீமையா? இடப்பக்கத்து பெஞ்சு நன்மை என்று பேச வேண்டும், வலப்பக்கம் தீமை. நான் இடப்பக்கம். மில்காரர் மகள் வலப்பக்கம். என் தலையெழுத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

முதலில் அவள் எழுந்தாள். ஏதோ ஒப்புக்குப் பேசி உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தோம். அவள் நிறுத்தி நிதானமாக இங்கிலீஷில் சொன்னாள்: "எங்கள் மில் ஓடத் தொடங்கிய அன்று எங்கள் வீட்டில் பாயசம். எங்களுக்கு நெல் குத்தியவர்கள் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை." என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அடுத்தது நான். ரயில், மின்விளக்கு என்று உருப்போட்டு வைத்திருந்ததெல்லாம் எங்கோ பறந்துவிட்டது. தெரிந்த இங்கிலீஷில் தட்டுத்தடுமாறி, "என் அம்மாவின் கையில் இப்போது கொப்புளம் இல்லை. அதற்கு மில்லுக்கு நன்றி. ஆனால் அந்தக் கைக்கு வேலையும் இல்லை" என்றேன்.

"நீ எந்தப் பக்கம்மா பேசுற?" என்று டீச்சர் கேட்க, வகுப்பே சிரித்தது. என் பேச்சையும் எதிர்ப்பக்கக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் பெஞ்சு தோற்றது. பக்கத்தில் இருந்தவர்கள் என்னோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த வாரக் கடைசியில் மில்காரர் மகள் எங்கள் குடிசை வாசலில் வந்து நின்றாள். "ஆத்தா, மில்லுல நெல் அவிக்கவும் களத்துல காயப்போடவும் ஆளு வேணும்னு அப்பா சொல்லிவிட்டாங்க. ஒங்களோட நெல் குத்தினவுங்களையும் கூட்டிக்கிட்டு வாரீங்களா?" என்றாள். ஆத்தா அப்போதே மற்றவர்களைக் கூப்பிடக் கிளம்பிவிட்டாள்.

அப்பா சம்மதிக்கும்வரை சாப்பிட மாட்டேன் என்று அவள் அடம்பிடித்த கதை, மில்லில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஆத்தாவின் காதுக்கு வந்தது. பள்ளியில் அவள் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. நானும் நன்றி சொல்லத் தெரியாமல், இடைவேளையில் பங்கு போட்டுத் தின்னும் புளியங்காயில் என் பங்கில் பெரியதை அவளுக்குக் கொடுத்தேன்.

ஆத்தாவின் மில் கூலியில் நான் பள்ளிப் படிப்பை முடித்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. பார்க்கப்போனால் எனக்கும் ஒரு யந்திரம்தான் சோறு போட்டது. ஆனாலும் புதிதாக ஒரு மிஷின் வந்திருக்கிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதனால் வேலை போனவர் வீட்டு வாசலில் இப்படி ஒரு பெண் வந்து நிற்பாளா என்றுதான் என் மனசு இன்றும் கேட்கிறது.