பேசச் சொன்ன சிஸ்டர்

என்னைப் பேசச் சொல்லி ஒருவர் கட்டாயப்படுத்தியது வாழ்க்கையில் ஒரே முறைதான். கொரோனா இரண்டாவது அலையில் தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்ற ஆள் எடுத்தார்கள். பழனிசெட்டிபட்டி அரிசிக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நான் போனேன். யாரிடமும் பேச வேண்டியிருக்காது என்பதே அந்த வேலையில் எனக்குப் பிடித்தது.

ஒரு நாள் காலை ஓடைப்பட்டியிலிருந்து திராட்சை விவசாயி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மூச்சு மிகவும் திணறியது. இருந்த வென்டிலேட்டர் எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. ஒன்று காலியாகும்வரை ஆக்சிஜன் மாஸ்க்கோடு குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார் டாக்டர். பெரியவரோ புரண்டு புரண்டு மல்லாந்தார்.

"குப்புறப் படுத்தா வீட்டுக்கு ஆகாது தாயி."

"மல்லாந்தே கெடந்தா வீட்டுக்கே போக மாட்டீக. திரும்புங்கய்யா" என்றார் சிஸ்டர்.

அவர் ஒருவருக்குப் பதினாறு படுக்கைகள். ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"அண்ணே, இவுகளப் புரள விடாம பேசிக்கிட்டே இருங்க. அவுக பேசக் கூடாது, நீங்கதான் பேசணும்."

"எனக்குப் பேச வராது சிஸ்டர்."

"எனக்கு மட்டும் இல்லாத மெஷினச் செய்ய வருமாக்கும்? உக்காருங்க."

பெரியவரின் தொழிலைப் பற்றியே பேசினேன். திராட்சை வருஷத்துக்கு ஒருமுறைதானே காய்க்கும் என்றேன். பெரியவர் கோபமாக மூன்று விரல்களைக் காட்டினார். பழம் பறிப்பதற்கு முந்தின வாரம்தானே கொடியைக் கவாத்து வெட்டுவீர்கள் என்றேன். தலையணையில் அடித்தார். என்னைத் திருத்துகிற மும்முரத்தில் புரளவே மறந்துபோனார். அதற்குப் பிறகு தெரிந்தே தப்புத் தப்பாகச் சொன்னேன். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு எண்பத்திரண்டிலிருந்து மெல்ல ஏறி, சாயங்காலம் தொண்ணூற்றொன்றில் நின்றது.

அப்போதுதான் ஒரு வென்டிலேட்டர் காலியானது. அது எப்படிக் காலியாகும் என்று எங்களுக்குத் தெரியும். சிஸ்டர் அந்தப் படுக்கையில் இருந்தவரின் முகத்தைத் துணியால் மூடினார். பிறகு வந்து பெரியவரின் எண்ணைப் பார்த்தார். "இவுகளுக்கு வேண்டியிருக்காதுண்ணே" என்று என்னிடம் சொல்லிவிட்டு டாக்டரிடம் ஓடினார். வெளியே ஆம்புலன்ஸில் காத்திருந்த ஒரு பெண்ணுக்கு அது போயிற்று.

பெரியவர் வீட்டுக்குப் போன அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, பழத்தோட கொடிய வெட்டுற பயகிட்டயா அந்தப் பிள்ள என் உசுர ஒப்படைச்சுட்டுப் போச்சு?"

நான் மறுபடி அரிசிக் கடையில், மறுபடி வாய் திறக்காதவன். சிஸ்டர் தற்காலிகப் பணி முடிந்து எந்த ஊருக்குப் போனாரோ. பேச வராதவனையும் நம்பி உட்கார வைத்தாரே என்று ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாம். அன்று பேசிய அத்தனை பேச்சில் அது மட்டும் வராமல் போய்விட்டது.