பூசம் முடிவதற்குள்

என் மகளுக்கு நிலக்கடலை ஆகாது. புனேயில் குடியிருந்துகொண்டு இதைச் சொன்னால் ஆட்கள் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். இங்கே அவலில் கடலை, ஜவ்வரிசியில் கடலை, கத்தரிக்காய்க் கறியில் கண்ணுக்கே தெரியாமல் கடலைப்பொடி. சின்ன வயதில் யாரோ அன்பாகக் கொடுத்த சிக்கி ஒன்றைக் கடித்து, அதாவது நம் கடலைமிட்டாய், முகமெல்லாம் தடித்துவிட்டது. அன்று முதல் எங்கள் சமையலறைக்குள் கடலை நுழைந்ததில்லை.

சென்ற ஆண்டு வரை தப்பித்தாள். ஹிஞ்சேவாடியில் அவள் அலுவலகத்தில் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். கடலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தோழியின் கத்தரிக்காயைத் தொட்டாள். தோழியும் இல்லை என்றுதான் சொன்னாள். பொடித்துவிட்டால் கடலை கடலையல்ல என்பது அந்தப் பெண்ணின் கணக்கு. மகளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அலுவலக மருத்துவ அறையிலேயே ஊசி போட்டதால் பிழைத்தாள். நானும் மனைவியும் கட்கியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அந்தப் போக்குவரத்தில் ஊர்ந்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, வீங்கிய முகத்தோடு கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. வண்டியை எந்தத் தளத்தில் நிறுத்தினேன் என்பதுதான் ஞாபகம் வரவில்லை.

அடுத்த வாரம் ஒவ்வாமைக்கென்றே இருக்கும் ஒரு மருத்துவரிடம் மூவரும் போனோம். நிதானமான மராத்திப் பெண்மணி. குடும்பத்தில் வேறு யாருக்கு என்று கேட்டார். இங்கே காங்கிரஸ் புல் என்று சொல்லும் பார்த்தீனியம் பூக்கும் காலத்தில் நான் தும்முவதைப் பற்றி ஒரு சிறிய உரை ஆற்றினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மகளின் பக்கம் திரும்பி, நீங்கள் பிறந்தது நார்மலா, சிசேரியனா என்றார். சிசேரியன் என்று நான்தான் சொன்னேன். பிரசவித்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதை எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள் மகள். மருத்துவர் விளக்கினார். இயற்கையாகப் பிறக்கும் குழந்தை வெளியே வரும் வழியிலேயே தாயின் நுண்ணுயிரிகளை வாங்கிக்கொள்கிறது; அறுவையில் எடுத்த குழந்தைக்கு அது வேறு மாதிரி அமைகிறது. அதனால் பின்னாளில் ஒவ்வாமை சற்று கூடலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியொன்றும் இல்லை என்று வேறு சில சொல்கின்றன. ஒரு குறிப்பிட்ட ஆளைக் காட்டி இதனால்தான் இது என்று யாராலும் சொல்ல முடியாது. மகள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் வங்கியில் வேலை பார்ப்பவன். வட்டி விகிதத்தைத் தாண்டி யாரும் காது கொடுப்பதில்லை என்பது தெரியும்.

திரும்பும் வழியில், போபோடி சிக்னலில் நின்றபோது, பின் இருக்கையிலிருந்து கேட்டாள்.

"ஸ்டாருக்காகத்தான அப்பா அம்மாவ கட் பண்ணீங்க?"

இதற்கு விளக்கம் வேண்டும். எங்கள் குடும்பத்தில் அவள் பிறந்த கதை மிகப் பிரபலம். பிரசவம் பார்த்த மருத்துவர் இரண்டு நாட்களைச் சொல்லி, அறுவைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார். கோயமுத்தூரில் இருந்த என் அப்பா ஜோசியரைக் கேட்டுவிட்டுப் போன் செய்தார். முதல் நாள் காலையோடு பூசம் முடிந்து ஆயில்யம் பிறக்கிறது. பிறப்பது பெண்ணாக இருந்துவிட்டால், ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது. ஆகவே இன்னும் பிறக்காத பெண்ணுக்கு, இன்னும் யாரென்றே தெரியாத ஒரு மாமியாரைக் காப்பாற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் மருத்துவரிடம் கெஞ்சி, முதல் நாள் காலையில் முதல் ஆளாகப் பேர் பதிந்தேன். பூசம் முடிவதற்குள் எடுத்துவிட்டோம் என்று அப்பா ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், ரயிலைப் பிடித்தவர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கூடவே சிரித்துக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் விட்டது ஒன்றுதான். குழந்தை தலை மேலும் கால் கீழுமாக இருந்தது. அறுவை எப்படியும் உண்டு. நாங்கள் பொறுக்கியது நேரத்தை மட்டும். நல்ல சேதியோடு அதையும் ஏன் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றார் அப்பா. நாளடைவில் அது எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

சிக்னல் விழுவதற்குள் இவ்வளவையும் சொன்னேன்.

"நல்ல கதை. இத்தன வருஷம் ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

"இன்னிக்கி டாக்டர் கேட்டதும் ஞாபகம் வந்துச்சா?"

என் காதுக்கே அது அப்போதுதான் கட்டிய கதை போலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அவள் பிறந்தபோது கொடுத்த மருத்துவமனைச் சீட்டைத் தேடினேன். மூன்று வீடு மாறியதில் எங்கோ போய்விட்டது. ஜாதகம் மட்டும் லேமினேஷன் செய்யப்பட்டு, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் வீட்டில் அம்மா சமைத்ததைச் சாப்பிடவில்லை. கடையில் வாங்கிய ரொட்டி, பழம், தானே வேகவைத்துக்கொண்ட முட்டை. எதில் என்ன கலந்திருக்கிறதோ, ஜாக்கிரதைக்காக என்றாள். கடலையே நுழையாத சமையலறையில் என்ன ஜாக்கிரதை என்று என் மனைவி கேட்கவில்லை. மூன்று பேருக்குச் சமைப்பாள். மூன்று தட்டு வைப்பாள். ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைப்பாள். மகளிடம் ஒரு வார்த்தை பேசு என்று நான் மனைவியிடம் சொன்னேன்.

"ஏனுங்க, நான் சொன்னா மட்டும் நம்பீருவாளா? அவள அறுத்து எடுத்தது நெசந்தானுங்களே" என்றாள்.

அப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. மழை வந்தது. அலுவலக வண்டி தாமதமாக வந்தது. நான் தும்மினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் போனாள். நான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, வாசிப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கேட்டாள்.

"அம்மா, நெஜமாவே உல்ட்டாவா இருந்தனா?"

என் மனைவி அடுப்பைக் குறைத்தாள். வலது கையை எடுத்து விலாவுக்குக் கீழே, ஒரே இடத்தில், தேடாமல் வைத்தாள்.

"உன்ற தல இங்க இருந்துச்சு கண்ணு. குனிஞ்சா இடிக்கும். ஒரு வாய் சோறு உண்டா மூச்சு முட்டும். டாக்டரம்மா வெளியில இருந்தே கைய வெச்சுத் திருப்பிப் பாத்தாங்க. பாதி வரைக்கும் போயிட்டு, மறுபடியும் இங்கயே வந்து உக்காந்துக்கிட்ட."

மகள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பவே ஜித்தியா நானு?" என்றாள். பிடிவாதக்காரிக்கு இங்கே அதுதான் பெயர்.

அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் இன்றுவரை வரவில்லை. கொதிக்கும் குழம்பை எட்டிப் பார்த்தாள்.

"இதுல என்ன எண்ண?"

"நல்லெண்ண."

மகள் கவிழ்த்து வைத்திருந்த தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். என் மனைவி சோறு கொண்டுவந்தாள். வலது கை இன்னும் விலாவுக்குக் கீழேயே இருந்தது. இடது கையால் பரிமாறினாள். எங்கள் வீட்டில் அது பெரிய குற்றம். அப்பா இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார். மகள் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். நான் என் தட்டையும் நீட்டினேன்.