எழில் கடித்த பிகோனியா

தீபலட்சுமியின் வீட்டில் செடி தங்காது என்பது சேலையூரில் அந்த அபார்ட்மென்ட் முழுக்கத் தெரிந்த சங்கதி. முதல் மாடி, வடக்குப் பார்த்த பால்கனி, எதிரே கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அடுத்த கட்டடத்தின் சுவர். வெயில் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. துளசி வைத்தாள், வாடிப்போனது. ரோஜா இரண்டு மொட்டு விட்டது, அதோடு சரி. மல்லிகை மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீளமாக வளர்ந்தது, ஒரு பூ கிடையாது.

அவள் குரோம்பேட்டைப் பக்கம் தோல் பை தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவள். தையல் சரியாக விழுந்திருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது அவள் பொறுப்பு. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணப் பேச்சு தள்ளிப் போனது, பிறகு நின்றே போனது. அம்மாவும் போய், கம்பெனியையும் மூடியபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது.

வேறு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த சமயத்தில்தான் மூன்றாவது மாடி சத்யபிரியா கதவைத் தட்டினாள். நாவலூரில் ஐ.டி. வேலை, பிரசவ விடுப்பு முடிந்திருந்தது. கணவர் சுகுமாரும் வேலைக்குப் போகிறவர்.

“தீபாக்கா, ஒரே ஒரு வாரம் பாப்பாவைப் பாத்துக்குறீங்களா? அதுக்குள்ள வேற ஆள் பாத்துடுறேன்.”

வேறு ஆள் பார்க்கவே இல்லை. குழந்தை எழில் தவழ்ந்ததும் நடந்ததும் தீபலட்சுமியின் ஹாலில்தான். பக்கத்துத் தெருவிலிருந்து இன்னும் இரண்டு குழந்தைகளும் சேர்ந்துகொண்டன. காலையில் வீடு நிறைந்துவிடும். சாயங்காலம் வெறிச்சென்று ஆகிவிடும்.

குழந்தைகள் இருக்கும் இடத்தில் கொஞ்சம் நிறம் வேண்டும் என்று கேம்ப் ரோட்டு நர்சரிக்குப் போனாள். அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த முனியம்மா அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு தொட்டியை நகர்த்தி வைத்தாள்.

“வெயிலே வராதா? அப்ப இந்த பிகோனியாவ எட்த்துகினு போ. வெளிச்சம் கீதுல்ல, அது போதும். தண்ணிய மட்டும் கொட்டிகினே இருக்காத. மண்ணு காஞ்சா ஊத்து. எலை மேல ஊத்துனியானா வெள்ளையா பூசணம் புட்சிக்கும்.”

இறக்கை போன்ற இலை, மேலே வெள்ளிப் புள்ளி, திருப்பினால் அடிப்புறம் செக்கச்செவேல். ஒரு மாதத்தில் இளஞ்சிவப்புப் பூ கொத்துக் கொத்தாகத் தொங்கியது. தீபலட்சுமிக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பாள், ஈரம் இருந்தால் செம்பைக் கீழே வைத்துவிடுவாள். கோடையில் இலை ஓரம் பழுப்படித்தபோது தட்டில் கூழாங்கல் பரப்பி, தண்ணீர் விட்டு, அதன்மேல் தொட்டியை வைத்தாள். ஒடிந்த கிளையைத் தண்ணீர் டம்ளரில் போட்டு வைத்தால் வேர் விட்டது. அப்படியே பெருகிப் பெருகி ஜன்னல் விளிம்பு, டிவி மேஜை, பால்கனித் தரை எல்லாம் பிகோனியா ஆனது. “வூடா இது, ஊட்டியா?” என்றாள் எதிர்வீட்டு சாமுண்டீஸ்வரி. தீபலட்சுமிக்கு அன்று முழுவதும் காலே தரையில் பாவவில்லை.

ஒரு மதியம் மற்ற இரண்டு குழந்தைகளுக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தவள், பால்கனிப் பக்கம் வீறிட்ட அழுகையைக் கேட்டு ஓடினாள். எழில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி இலை. வாயெல்லாம் எச்சில் வழிந்தது, உதட்டைச் சுற்றிச் சிவந்திருந்தது. நாக்கை வெளியே நீட்டி நீட்டித் தேம்பினாள்.

தீபலட்சுமி விரலை விட்டு வாயில் இருந்ததை எடுத்தாள், தண்ணீரால் துடைத்தாள். இது விஷச் செடியா? இத்தனை நாள் வளர்த்தவளுக்கு அது தெரியாது. அந்த எண்ணம்தான் அவளை உலுக்கியது. போனை எடுத்தாள்.

“சத்யா, எழில் செடி எலையைக் கடிச்சிட்டா. எவ்ளோ முழுங்கினான்னு தெரியல. நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். நீங்க வந்துடுங்க.”

அந்தப் பக்கம் “வரேன்,” என்று மட்டும் கேட்டது.

“பசங்கள நான் பாத்துக்குறேன், நீ கெளம்பு,” என்று சாமுண்டீஸ்வரி அவளைத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினாள். வாசல் வரை போன தீபலட்சுமி திரும்பி ஓடிவந்து, பூவும் இலையுமாக ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டாள்.

தெருமுனையில் நின்ற ஆட்டோ சிட்டிபாபுவுடையது. “இன்னாக்கா, கொழந்தைக்கு இன்னா ஆச்சு?” என்றவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டி சந்து பொந்தெல்லாம் புகுந்து போனது. வழியெல்லாம் அவள் எழிலின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அபிகாயில் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். கிளையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லவேளை, இதை எடுத்துட்டு வந்தீங்க. பிகோனியாதானே? வேரு, கிழங்கு எதுவும் தின்னலையே?”

“இல்ல டாக்டர். எலை மட்டுந்தான். பாதி கையிலயே இருந்துச்சு.”

“அப்போ பயப்படாதீங்க. இதோட சாறு பட்டா வாய் எரியும், எச்சில் ஊறும். மூச்சு நல்லா இருக்கு, தொண்டையும் வீங்கலை. சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும், பாத்துட்டு அனுப்புறேன்.”

குளிர்ந்த பாலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார்கள். எழில் விசும்பிக்கொண்டே குடித்தாள், பிறகு தீபலட்சுமியின் தோளிலேயே தூங்கிப்போனாள்.

மேடவாக்கம் நெரிசலைத் தாண்டி சத்யபிரியா வந்து சேர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். டாக்டர் சொன்னதைக் கேட்டாள். அதற்கப்புறம்தான் வெடித்தாள்.

“கைக்கு எட்டுற எடத்துல அதை ஏன் வச்சீங்க? குழந்தைங்க இருக்குற வீடுதானே?”

தப்பு தன்னுடையது என்று தீபலட்சுமிக்கே தெரிந்தது.

மறுநாள் எழில் வரவில்லை. மற்ற இரண்டு குழந்தைகளின் வீட்டிலும் நடந்ததை அவளே சொல்லிவிட்டாள். அவர்கள் அனுப்பத்தான் செய்தார்கள். ஆனாலும் அவள் கண் வாசலிலேயே கிடந்தது. தொட்டிகளை ஒவ்வொன்றாக மாடிப்படி ஓரம் கொண்டுபோய் வைத்தாள், யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்று. ஜன்னல் விளிம்பில் வட்ட வட்டமாக ஈரத் தடம் மட்டும் இருந்தது. சோறு இறங்கவில்லை.

குழந்தைகள் எல்லாம் போன பிறகு அழைப்பு மணி அடித்தது. சத்யபிரியா நின்றாள், இடுப்பில் எழில். லீவு போட்டிருக்கிறாள் என்பது கசங்கிய நைட்டியிலேயே தெரிந்தது.

“நேத்து ரொம்பக் கத்திட்டேன்க்கா.”

“கத்தாம வேற என்ன செய்வீங்க? நான் பாத்திருக்கணும்.”

“பாத்திருக்கணுந்தான். அதை நான் இல்லைங்கல.” சத்யபிரியா உள்ளே வந்து உட்கார்ந்தாள். “ஆனா நீங்க மறைக்கலையே. வேற யாராவதா இருந்தா வாயைக் கழுவிவிட்டு, சும்மா அழுவுறான்னு சொல்லியிருப்பாங்க. நீங்க ஒடனே போன் பண்ணீங்க, கெளையோட போய் நின்னீங்க. ராத்திரி சுகுமார் கிட்ட இதைத்தான் சொல்லிட்டிருந்தேன். நாளைக்கு எழில் வருவா.”

அதற்குள் எழில் அம்மாவின் மடியிலிருந்து நழுவி வந்து தீபலட்சுமியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“படியில இருக்குற தொட்டியெல்லாம் உள்ள எடுத்து வைங்கக்கா. இப்போதைக்கு பரண்ல ஏத்திடலாம். ஞாயித்துக்கெழம சுகுமார் டிரில் எடுத்துட்டு வந்து மேல கொக்கி போட்டுத் தருவாரு. தொங்கவிட்டுடுங்க.”

தீபலட்சுமி தலையை ஆட்டிவிட்டு எழிலைத் தூக்கிக்கொண்டாள். முதல் நாள் மதியத்திலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை. மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. அவர்கள் போனதும் தொட்டிகளை உள்ளே எடுத்துவந்து பரணில் ஏற்றினாள். அப்போதுதான் பசி எடுத்தது, அப்படியொரு பசி. ரவையை வறுத்து உப்புமா கிண்டி, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டாள். போதாமல் இன்னொரு தடவையும் போட்டுக்கொண்டாள்.