ஜெசிந்தா தொடாமல் விட்ட பொனட்

செய்தி வந்தபோது நான் ஸ்பிரிங்வேலில் என் கராஜில் ஒரு காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கைபேசியில் ஜெசிந்தாவின் பெயர் தெரிந்தது. அரை மணி நேரம் பிந்திவிட்டாளே என்ற கோபத்தில், "எங்கை நிக்கிறாய்?" என்றுதான் எடுத்தேன். பேசியது அவளுடைய மகள் மெலனி. "அங்கிள், அம்மா காலமை எழும்பேல்லை" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஆங்கிலத்தில் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. இதயம் நின்றுவிட்டதாம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. தண்ணீர்க் குழாயை மூடத் தோன்றாமல் நெடுநேரம் நின்றிருந்தேன்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் ஜெசிந்தாவை ஞாயிறு பூசையில் பாடுகிறவளாக அறிவீர்கள். மன்னாரிலிருந்து வந்தவள், மீன் குழம்பில் கைராசிக்காரி என்று அறிவீர்கள். எனக்கு அவள் பதினொரு ஆண்டுகள் என் கராஜில் கார்களுக்குப் பொலிஷ் செய்தவள். முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் நிற்கிறேன். மற்றவனின் வேலையைச் சுலபத்தில் மெச்சுகிறவன் அல்ல நான் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவளுடைய கையைப் போல ஒரு கையை நான் கண்டதில்லை.

வேலைக்கு வந்த முதல் நாளே என்னை ஏப்ரன் கட்ட வைத்தாள். "அண்ணை, உங்கடை பெல்ட் பக்கிள் கதவிலை உரஞ்சுது. கீறலை எடுக்க வந்த காருக்கு நாங்களே கீறல் போடுறதோ?" என்றாள். என் கையிலிருந்த கோயில் காப்பையும் கழற்றச் சொன்னாள். தன் தாலிக்கொடியைச் சட்டைக்குள் போட்டு, கூந்தலை இறுக்கி முடிந்து, கண்ணாடியும் மாஸ்க்கும் மாட்டினாள். பொலிஷ் மெஷினின் வயரைத் தோளுக்கு மேலால் பின்னே விட்டாள். பிறகு சிலுவை அடையாளம் போட்டாள். முதலாளி நானா இவளா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அன்று வந்தது நிறையக் கீறல் விழுந்த ஒரு நீலக் கார். நேரம் மிச்சமாகட்டும் என்று இருப்பதிலேயே கரடான தேய்க்கும் பசையை, கொம்பவுண்டை, எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, ஆக மென்மையானதைக் கேட்டாள். சின்னதாய் ஒரு சதுரத்தைச் சுற்றி டேப் ஒட்டி, அதற்குள் மட்டும் தேய்த்துப் பார்த்தாள். "முதல்லை மெல்லமாக் கேட்டுப் பாப்பம், அண்ணை. அதுக்குப் போகாட்டித்தான் மற்றது." நான் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தேன். டேப்பை உரித்தபோது அந்தச் சதுரத்துக்குள் கராஜின் கூரை விளக்கு அப்படியே தெரிந்தது. கரடானதைத் திறக்கவே இல்லை. நான் அத்தனை வருடமும் எத்தனை கார்களின் தோலை வீணாக உரித்திருப்பேன் என்று அன்றுதான் யோசித்தேன்.

தோல் என்பது அவளுடைய சொல். காரின் நிறத்துக்கு மேல் நிறமில்லாத மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. பொலிஷ் செய்வதென்றால் கீறலை நிரப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறலைச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துக் குறைக்கிறோம். போனது போனதுதான். மதியச் சாப்பாடு கொண்டுவரும் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு அவள் காரின் முன்மூடியான பொனட்டின் மேல் விரல்களை ஓட்டுவாள். வெறுங்கைக்குப் பிடிபடாத தூசியும் தாரும் அந்தப் பைக்குள்ளால் பிடிபடும். நானும் செய்து பார்த்திருக்கிறேன். எனக்குச் சொரசொரப்பு மட்டும்தான் தெரியும். அவளோ, "இந்தக் கார் மரத்துக்குக் கீழை நிக்கிறது, இந்தப் பக்கம் ரெயில் தண்டவாளம்" என்பாள். கேட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன்.

இனி, என்னுடைய அவமானத்தைச் சொல்கிறேன். பக்கத்து மல்கிரேவிலிருந்து ஓர் அன்ரி புதுக் கறுப்புக் காரைக் கொண்டுவந்தார். கோயிலில் வாகன பூசை செய்து, பொனட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். சாமி வைத்ததை நாமாகக் கழுவக்கூடாது, தானாக உதிரட்டும் என்று அவர் ஒரு மாதம் வெயிலில் விட்டுவிட்டார். பொட்டு உதிர்ந்தது, தழும்பு நின்றுவிட்டது. நம்மவர்களின் கார்கள் இப்படி எத்தனையோ வரும். ஜெசிந்தா ஈரத் துணி போட்டு, பொறுத்திருந்து, மெல்லத் தேய்த்து எடுப்பாள். கடைசியில் நிழல் போலக் கொஞ்சம் மிஞ்சினால், "இதோடை விடுவம்" என்பாள். அன்று அவள் மெலனியின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். நான் அவளுக்காகக் காத்திருப்பதா? கம்பளி வட்டை மாட்டி, கரடான கொம்பவுண்டை ஊற்றி, வெயிலில் சுட்டுக் கிடந்த பொனட்டில் மெஷினை அழுத்தினேன். பூச்சு மெலிந்த மடிப்பு விளிம்பைக் காக்க டேப்பும் ஒட்டவில்லை. அந்த விளிம்பில் பூச்சும் நிறமும் போய், கீழே அடிப்பூச்சின் சாம்பல் கோடு தெரிந்தது.

கோட்டில் கறுப்பு மை தொட்டு வைத்து, அதன் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மெழுகைப் பூசி மறைத்தேன். ஜெசிந்தா வந்தாள். ஸ்பிரிட் தொட்ட துணியால் அந்த விளிம்பை ஒருமுறை துடைத்தாள். சாம்பல் கோடு மறுபடி தெரிந்தது.

"எண்ணெய் நிக்குமட்டும்தான் இந்தப் பொய்யும் நிக்கும், அண்ணை."

"உன்ரை வேலையைப் பார்" என்று கத்தினேன்.

"அதைத்தானே பாக்கிறன். அன்ரியிட்டை நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

நான்தான் சொன்னேன். அந்த அன்ரி குனிந்து கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "மறைக்காமல் சொன்னியளே, அதுவே எனக்குக் காணும்" என்றார். பொனட் முழுவதற்கும் நானே மறுபடி பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். அவருடைய குடும்பத்தின் கார்கள் எல்லாம் இன்றும் என்னிடம்தான் வருகின்றன. ஜெசிந்தா அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் எடுக்கவில்லை. நானும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அவளிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. மங்கிப்போய், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும். "ஊரார் காரெல்லாம் மினுங்குது, உன்ரை காருக்கு என்ன கேடு?" என்று கேலி செய்வோம். "அதிட்டை இனிக் குடுக்கத் தோல் இல்லை, அண்ணை" என்று சிரிப்பாள். வேலை செய்யப் பஞ்சிப்பட்டுச் சொல்லும் சாட்டு என்று நினைத்தேன்.

சென்ற வாரம் மெலனி அந்தக் காரைக் கொண்டுவந்தாள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு அம்மாவின் காரில் போக வேண்டும், அது மினுங்க வேண்டும் என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. பதினொரு வருடக் கடனை ஒரு நாளில் தீர்த்துவிடலாம் என்ற ஆசை. கை நேராகக் கரடான கொம்பவுண்ட் போத்தலுக்குத்தான் போனது. மூடியைத் திருகுமுன் அவள் வந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது; ஏப்ரன் கட்டினேன், காப்பைக் கழற்றினேன். பெயின்டின் தடிப்பைப் பார்க்கும் மீட்டரை எடுத்துப் பொனட்டில் வைத்தேன். வேறு வேறு இடங்களில் வைத்துப் பார்த்தேன். இருக்க வேண்டிய தடிப்பில் பாதிகூட எங்கும் இல்லை. அவளுக்கு முன் அந்தக் காரை வைத்திருந்த யாரோ, என்னைப் போன்ற ஒருவன், தேய்த்துத் தீர்த்திருக்கிறான். அதை அவள் வாங்கிய அன்றே அறிந்திருக்கிறாள். எங்கள் கேலியைக் கேட்டுக்கொண்டு, மிச்சமிருந்ததைக் காப்பாற்றி வந்திருக்கிறாள். நான் பொனட்டில் கை வைத்தபடி அழுதேன்.

காரை நிழலில் விட்டு, சூடு ஆறியபின் கழுவி, மெல்லிய துணியால் துடைத்தேன். மெஷினைத் தொடவில்லை.

மெலனி வந்து பார்த்தாள். அவள் முகம் வாடியது. "அங்கிள், பொலிஷ் பண்ணேல்லையா?"

"அம்மா வேண்டாமெண்டு சொன்னவ."

"எப்ப?"

"பதினொரு வருசமா."

மீட்டரைக் காட்டி விளங்கப்படுத்தினேன். அவள் கொஞ்ச நேரம் பொனட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு அந்த மங்கல் காரிலேயே பூசைக்குப் போனோம். முன் இருக்கையில் நான் இருந்தேன்.

ஜெசிந்தாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சாப்பாட்டுப் பைகளில் மிச்சமிருந்த ஒரு கட்டும், போத்தலைத் திறக்குமுன் கை ஒருகணம் நிற்கும் பழக்கமும். அவளுடைய விரல்களுக்குத் தெரிந்தது என் விரல்களுக்கு வராது. நிறுத்த மட்டும் தெரிந்துகொண்டேன்.