படுக்கையில் ஓய்வு

முதியோர் வார்டின் தலைமை நர்சுக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் மிளகாய். அது காதில் விழுந்த அன்று, "பச்சை மிளகாயா, காய்ஞ்ச மிளகாயா?" என்று மட்டும் கேட்டாள். மற்றவர்கள் தண்டனை என்று மாற்றல் கேட்டு ஓடும் வார்டை அவள் கேட்டு வாங்கி வந்திருந்தாள். 'வயசாளிதானே' என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள்.

அன்றைய கோபம் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த தையல்காரரால் வந்தது. அவர் காய்ச்சலோடு தானே நடந்து வந்து சேர்ந்தவர். காய்ச்சல் கொதித்த அன்று பெரிய டாக்டர் சொல்ல, "படுக்கையில் ஓய்வு" என்று உதவி டாக்டர் குறிப்பில் எழுதினார். மறுநாளிலிருந்து ரவுண்ட்ஸ் வந்தவர்கள் கால்மாட்டில் நின்று, "எப்படி இருக்கீங்க தாத்தா?" என்றார்கள். பதிலுக்குக் காத்திராமல் "நேற்றுப் போலவே தொடரவும்" என்று கிறுக்கிவிட்டு நகர்ந்தார்கள். காய்ச்சல் போய்விட்டது, ஓய்வு போகவில்லை. அவர் எழ முயன்றபோதெல்லாம் நர்சுகள் குறிப்பைக் காட்டிப் படுக்க வைத்தார்கள்.

விடுப்பு முடிந்து வந்த மிளகாய் அவரைப் பிடித்து நிறுத்திப் பார்த்தாள். படுத்தே கிடந்த கால் தாங்காமல் அவள் மேலேயே சாய்ந்தார். அவருக்குக் கீழே கடை, மாடியில் வீடு, தனி ஆள். மகன் ஏற்கெனவே முதியோர் இல்லத்தில் இடம் பேசி வைத்திருந்தான். படி ஏற முடியாவிட்டால் அவருக்குக் கடையும் இல்லை, வீடும் இல்லை.

ரவுண்ட்ஸ் வந்ததும் குறுக்கே போய் நின்றாள்.

"நேத்து போலவேன்னு எழுதறீங்களே, நேத்து எப்படி இருந்தாருன்னு யாருக்காவது தெரியுமா?"

உதவி டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். எல்லாவற்றிலும் அதே வரிதான்.

"சிஸ்டர், இன்னும் எத்தனை கட்டில் பாக்கணும்!" என்றார் பெரிய டாக்டர்.

"பாருங்கன்னுதான் நானும் சொல்றேன். பாக்காம எழுதாதீங்க. நடந்தாரா, சாப்பிட்டாரா, அவருக்கு என்ன வேணும். இதைக் கேட்டு எழுதாம இனிமே யாரும் அடுத்த கட்டிலுக்குப் போகக் கூடாது. என் நர்சு பொண்ணுங்களுக்கும் சேத்துத்தான். படுக்க வச்சாங்களே, அவங்களுக்கு அப்புறம் இருக்கு."

பெரிய டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வார்டில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"ஐயா, உங்களுக்கு என்ன வேணும்?"

தையல்காரர் போர்வைக்குள் கிடந்த தன் கால்களைப் பார்த்தார்.

"நான் நடந்துதான் வந்தேன் டாக்டர். முதல்ல அதை எழுதுங்க."

உதவி டாக்டர் எழுதினார். மிளகாய்க்குக் கோபம் ஆறவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து, தூசி படிந்து கிடந்த அவருடைய செருப்பை வெளியே இழுத்துப் போட்டாள்.