நான் அடித்துவிட்ட பதினோரு நாட்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், கோட்டைப்பட்டினம் படகுத்துறையில் நடந்தது இது.

நான் கந்தர்வக்கோட்டைப் பக்கம். மானாவாரி விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்போது கடல் ஆய்வில் சேர்ந்திருந்தேன். மரத்துக்கு வருட வளையம் இருப்பதுபோல, பவளப்பாறையிலும் வருடத்துக்கு ஒரு அடுக்கு இருக்கும். அதைச் சோதித்தால், தெர்மாமீட்டரே இல்லாத காலத்தில் கடலின் மேல்தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது என்று கணக்கிடலாம். கடல் தன்போக்கில் எவ்வளவு சூடாகும், எவ்வளவு குளிரும் என்று தெரிந்தால்தானே, இப்போது ஏறும் சூட்டில் நம்மால் வந்தது எவ்வளவு என்று சொல்ல முடியும்? ஆனால் பவளம் சொல்வதை ஒத்துப்பார்க்க, இன்றைய கடலை அளந்த கணக்கும் வேண்டும்.

அதற்காக விசைப்படகு வைத்திருந்த ஒரு பாயிடம் தெர்மாமீட்டரும் நோட்டும் கொடுத்திருந்தேன். கடலுக்குப் போகிற நாட்களில், விடியும் நேரத்தில், ஒரே இடத்தில் வாளியில் தண்ணீர் மொண்டு அளக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததிலிருந்து அளந்தார். "கடலுக்குக் காய்ச்சல் பாக்குற டாக்டரு வாராரு" என்று துறையில் கேலி செய்வார்களாம். சிரித்துக்கொண்டே சொல்வார்.

அந்த மாதம் விசைப்படகுகள் பதினோரு நாள் ஸ்டிரைக். அந்தப் பதினோரு நாளுக்கும் நோட்டில் எண்கள் இருந்தன. எல்லாம் வழக்கத்தைவிட இரண்டு டிகிரி குறைவு. ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை. நான் சிவப்புக் கோடு போட்டு அத்தனையையும் அடித்துவிட்டு, மீதியைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். அதோடு விட்டிருக்கலாம். நேரே துறைக்குப் போய், நாலு பேர் வலை பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் கேட்டேன்.

"பாய், போட்டெல்லாம் கரையில நின்னுச்சு. இந்த நம்பர் எங்கேருந்து வந்துச்சு? வீட்ல உக்காந்து எழுதுனீங்களா?"

வலை பார்த்தவர்களின் கை நின்றது. அவர் என்னையே பார்த்தார்.

"அடிச்சிட்டீங்களா தம்பி?"

"ஆமா. லிஸ்ட்டையும் அனுப்பிட்டேன்."

படகில் ஏறி ஒரு தெர்மாகோல் பெட்டி மூடியை எடுத்து வந்தார். மீன் செதில் ஒட்டிய அந்த மூடியில் பேனாவால் அழுத்திக் கீறிய பதினோரு எண்கள்.

"நாட்டுப்படகுக்கு ஸ்டிரைக் இல்லையே. மச்சான் படகுல தொத்திக்கிட்டு அதே எடத்துக்குப் போயி அளந்தேன். தண்ணி என்னைக்கும் இல்லாம சில்லுன்னு கெடந்துச்சு. இப்ப அளக்காம எப்ப அளக்குறது? மழையில நோட்டு நனஞ்சிரும்னு இதுல எழுதுனேன். வீட்ல அவங்கதான் நோட்டுல அழகா எழுதிக் குடுத்தாங்க."

கைநாட்டு வைக்கும் என் அப்பாவை ஆபீஸ்களில் எப்படிப் பார்ப்பார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவன் நான். அன்று நானும் அவரை அதே பார்வைதான் பார்த்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் தெர்மாமீட்டரைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்தார். பிறகு இரண்டு முறை வீட்டுக்கே போனேன். டீ கொடுத்து உட்காரவைத்தார்கள்.

"கோவமெல்லாம் இல்ல தம்பி. இனிமே ஒவ்வொரு தடவ எழுதுறப்பயும், இத நம்புவாகளான்னு தோணும். அது சரிப்படாது" என்றார்.

பதினோரு எண்களையும் திரும்பச் சேர்த்து, என் தவறைச் சொல்லிப் பேராசிரியருக்கு எழுதினேன். அந்த வருடம் கடல் தானாகக் குளிர்ந்ததற்கு என்னிடம் இருக்கும் நேரடிச் சான்று அவைதான். அதற்குப் பிறகு அளந்து எழுத வேறொருவர் கிடைக்க இரண்டரை மாதம் ஆனது.

அந்த இரண்டரை மாதம் என் அட்டவணையில் காலியாகவே இருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய கடலைக்கூடப் பவளத்தில் தேடிப் பார்த்துவிடலாம். அந்த விடியற்காலைகளின் கடலை இனி யாராலும் போய் அளக்க முடியாது, அதற்குக் காரணம் நான் கேட்ட ஒரு கேள்வி என்பதை, அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உணர்கிறேன்.