மாரியூரில் வாங்கிய கேசட்டுகள்

இது நிஜமா என்று கேட்பவர்களுக்கு இடது கையைக் காட்டுவேன். அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

ராமநாதபுரத்தில் போட்டோ எடுப்பது என் தொழில். ஆசைக்கு இன்னும் பிலிமில் எடுப்பேன். பெரிய சுருளாக வாங்கி, வெட்டி, திறந்து மூடும் உலோகக் கேசட்டுகளில் நானே நிரப்புவேன். அப்படிப்பட்ட சில பழைய கேசட்டுகளை மாரியூரில் முருகேஸ்வரி என்ற பெண் விற்றார். மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்க்கொண்டே படமும் எடுத்த, இறந்துபோன அவருடைய தம்பியின் கேசட்டுகள்.

ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் வாங்கினேன். நசுங்கல் இல்லை. மூடி இறுக்கமாக உட்கார்ந்தது. பிலிம் வெளியே வரும் வாயில் ஒட்டியிருந்த வெல்வெட் மட்டும் ஈரமாக இருந்தது. வெயிலில் வைத்தேன். காயவே இல்லை.

வெல்வெட்டில் மணல் இருந்தால் பிலிமில் கீறல் விழும். டேப்பால் ஒற்றி எடுத்தேன். மணலோடு வெள்ளையாக ஏதோ வந்தது. மீன் செதிள் என்று நினைத்தேன்.

நகம்.

குப்பையில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

மதியம் மூன்று பத்து. பிலிம், கேசட், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினேன். பையின் இரு துளைகளில் கைகளை நுழைத்தேன். எலாஸ்டிக் இறுக்கிப் பிடித்தது.

கத்தரிக்கோலைத் துழாவினேன். இல்லை.

பிறகு அதுவே என் உள்ளங்கைக்கு வந்தது... கைப்பிடிப் பக்கமாக.

கிளிக்.

கேசட் மூடும் சத்தம். என் ஒரு கையில் பிலிம், மறு கையில் கத்தரிக்கோல். மூடியது நானில்லை.

"சுதா..."

சமையலறையிலிருந்து மனைவி ஜெயசுதா வந்தாள். "என்னங்க?"

"ஜிப்பத் தொற."

"பிலிமு கெட்டுப் போயிராதா?"

கத்தரிக்கோல் என் கையிலிருந்து மெதுவாக உருவப்பட்டது. ஈரமான விரல்கள் என் இடது கையைத் தடவின. ஒவ்வொரு விரலாக... அளவு பார்ப்பது போல.

மோதிர விரலில் நின்றன.

"தொற..."

கறுக்.

விரலைக் கொண்டுவந்தால் தைத்துப் பார்க்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஜெயசுதா வீட்டுக்கு ஓடிப் பையைப் புரட்டிப் போட்டுத் தேடினாள். ரத்தம் இருந்தது. கத்தரிக்கோல் இருந்தது. விரல் இல்லை.

கட்டுப் போட்ட கையோடு முருகேஸ்வரிக்குப் போன் செய்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் கேட்டார்.

"எந்த வெரலு?"

"மோதிர வெரலு."

நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது.

"வலை இழுக்குற மிசின்ல தம்பிக்கு இடது கை போயிருச்சு. கையில்லாமத்தான் பொதைச்சோம். உங்களுக்கு முந்தி மூணு பேரு வாங்குனாக... இனி சுண்டு வெரலு மட்டுந்தான் பாக்கி. கேசட்ட வேற யாருக்கும் குடுத்துறாதீக. நாளைக்கு வாரேன். வந்து எடுத்துக்கிறேன்."